ஜீப்புக்குப் பின்னால் ஒரு ஜீப்

போன வாரம் நம் பள்ளிக்கூடக் குழுவில் ஆளாளுக்குப் பழைய கதை எழுதிக்கொண்டிருந்தபோது ஒருத்தி என்னைக் கேட்டிருந்தாள். "உங்கப்பா பச்சை ஜீப்புல வருவாரே, பின்னாடி அதே மாதிரி ஒரு குட்டி வண்டிய இழுத்துக்கிட்டு, அது என்னடி ஆச்சு?" கீழே பத்துப் பேர் சிரிப்புப் பொம்மை போட்டிருந்தீர்கள். எனக்கும் சிரிப்பு வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். பதில் போடாமல் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டேன். கட்டைவிரலால் தட்டி முடித்துவிடுகிற விஷயம் இல்லை அது. கொஞ்சம் கொஞ்சமாக, முதுகு வலிக்கும்போது எழுந்து நடந்துவிட்டு வந்து, இதை எழுதுகிறேன்.

அந்த வண்டி ரோட்டில் ஓடியது பன்னிரண்டே நாள். அதைச் செய்து முடிக்க ஒரு கோடை பிடித்தது.

நமக்கெல்லாம் அப்போது பதின்மூன்று வயது, எட்டாம் வகுப்புப் பரீட்சை முடிந்திருந்தது. நாங்கள் பாலக்கரையில், மாதா கோவில் மணி அடித்தால் ஜன்னல் கம்பி அதிரும் தூரத்தில் குடியிருந்தோம். அம்மா ஆரம்பப் பள்ளி டீச்சர். அப்பா ஒரு தொழிற்சாலையில் ஃபோர்மேனாக இருந்தவர். அது மூடப்பட்டு ஒன்றரை வருஷம் ஆகியிருந்தது. அப்பா அதன் பிறகும் காலையில் ஏழு மணிக்கு ஷேவ் செய்துகொண்டு, காக்கிச் சட்டையை மடிப்புக் கலையாமல் போட்டுக்கொண்டுதான் வெளியே கிளம்புவார். எங்கே போகிறார் என்று நாங்கள் கேட்கமாட்டோம்.

ஜீப் அதற்கு முன்பே வந்துவிட்டது. ராணுவத்தில் கழித்துக்கட்டிய வண்டி. ஏலத்தில் எடுத்து, ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்ததும் அப்பா அதன் அடியில் படுத்து, இரண்டு வருஷத்தில் ஓட வைத்திருந்தார். உங்களை அதில் ஏற்றிக்கொண்டு உறையூர் வரை போயிருக்கிறோம். ஒருத்திக்கு வாந்திகூட வந்தது.

வேலை போன பிறகு அப்பாவுக்கு ஒரு யோசனை வந்தது. அந்த வருஷம் மழை பொய்த்துக் கிணறுகள் எல்லாம் அடிக்குப் போயிருந்தன. மோட்டாரையும் ஆயில் எஞ்சினையும் கழற்றி டவுனுக்குக் கொண்டுவந்து ரிப்பேர் பார்ப்பது விவசாயிகளுக்குப் பெரிய பாடு. நாமே அவர்கள் வயலுக்குப் போய்விட்டால்? எஞ்சினைத் தூக்கும் செயின் பிளாக், மூன்று கால் ஸ்டாண்டு, வெல்டிங் சாமான், எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு? ஆனால் ஜீப்பில் இடம் போதாது. பின்னால் ஒரு டிரெய்லர் வேண்டும்.

டிராக்டருக்கு மாட்டுகிற பெட்டி மாதிரி ஒன்றைச் செய்திருந்தால் பதினைந்து நாளில் முடிந்திருக்கும். அப்பாவுக்கு அது பிடிக்கவில்லை.

"பழைய இரும்புக்காரன் வந்துருக்கான்னு நெனைப்பாங்க," என்று அம்மாவிடம் சொன்னார். "வண்டி உள்ள நுழையும்போதே ஒரு கம்பெனி வர மாதிரி இருக்கணும்."

அரியமங்கலத்தில் ஒரு பழைய இரும்புக் கிடங்கில் அவருக்கு இன்னொரு ஜீப் கிடைத்தது. அதே வகை. முன்பக்கம் எதன்மேலோ மோதிச் சப்பிப்போய், எஞ்சினை யாரோ கழற்றிக்கொண்டு போயிருந்தார்கள். பின்பக்கம் மட்டும் ஒரு கீறல்கூட இல்லாமல் இருந்தது. அந்தப் பின்பாதியை வெட்டி எடுத்து, அதே சக்கரம், அதே ஆக்ஸில், அதே பின்கதவு, கதவில் தொங்கும் ஸ்டெப்னி உட்பட அப்படியே டிரெய்லராக்கிவிட வேண்டும். ஜீப்பின் பின்னால் அதே ஜீப் வருவது போல. அப்பா அதைச் சொல்லும்போது கையைக் காற்றில் இரண்டு முறை ஒரே மாதிரி வளைத்துக் காட்டுவார்.

வெட்டிச் சேர்க்கும் வேலைக்கு வெல்டர் மாமா வந்தார். தொழிற்சாலையில் அப்பாவின் கீழ் வேலை பார்த்தவர். அவர் வீடும் அரியமங்கலத்தில்தான், நாங்கள் வாடகைக்கு எடுத்த ஷெட்டுக்கு இரண்டு சந்து தள்ளி. அப்பா அவரை "பாய்" என்பார். அவர் அப்பாவை அப்போதும் "ஃபோர்மேன் சார்" என்றுதான் கூப்பிட்டார். அந்த ஊரிலேயே அப்பாவை இன்னும் அப்படிக் கூப்பிட்டது அவர் ஒருவர்தான்.

அக்காவும் நானும் லீவு முழுக்க ஷெட்டில் கிடந்தோம். அக்கா அப்போதுதான் பிளஸ் டூ எழுதியிருந்தாள். எங்களுக்குத் துரு தேய்க்கும் வேலை. உப்புத்தாளை நாலாக மடித்துத் தேய்க்கத் தேய்க்க விரல் நுனியில் ரேகை போய்விடும். சாயங்காலம் முகம் கழுவினால் தண்ணீர் செங்கல் நிறத்தில் ஓடும். வெல்டிங் காஸுக்காகக் கார்பைடு கல்லை டிரம்மில் போட்டுத் தண்ணீர் விட்டதும் பூண்டு அழுகிய மாதிரி ஒரு நாற்றம் வருமே, அது தலைமுடியிலேயே தங்கிவிடும். "பொம்பளப் புள்ளைங்கள இப்படியா வெச்சுருப்பாங்க," என்று அம்மா இரவில் சீயக்காயைக் கரைத்துக்கொண்டே சொல்வாள். ஆனால் தடுக்கவில்லை. அப்பா விசிலடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்து ஒன்றரை வருஷம் ஆகியிருந்தது. இப்போது மறுபடி விசிலடித்தார்.

வெட்டிய நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அப்பா சாக்பீஸால் கோடு போட்டார். அக்கா தன் ஜாமெட்ரி பாக்ஸிலிருந்த மூலைமட்டத்தை வைத்துப் பார்த்து, "இந்தப் பக்கம் கால் அங்குலம் சாயுதுப்பா," என்றாள். அப்பா மறுபடி அளந்தார். கால் அங்குலம் சாய்ந்துதான் இருந்தது. "என் புள்ள!" என்று வெல்டர் மாமாவைப் பார்த்துச் சொன்னார். வெல்டர் மாமா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு "பிஸ்மில்லா" என்று தீயை வைத்தார். ஒரு மணி நேரத்தில் வண்டி இரண்டாகி, முன்பாதி மூக்கு குத்தி விழுந்தது.

அந்த "என் புள்ள" பத்து நாள்தான் இருந்தது.

பின்பாதிக்கு முன்னால் முக்கோணமாக இரும்புச் சட்டம் வைத்து, அதன் நுனியில் கனமான தகடு, தகட்டில் வளையம். அந்த வளையம் ஜீப்பின் கொக்கியில் மாட்டும். சட்டத்துக்கு அப்பா டிராபார் என்று பேர் சொன்னார். எல்லாம் சேர்ந்து சக்கரத்தின்மேல் முதல் முறையாக நின்றபோது அக்கா போய் டிராபாரின் நுனியைத் தூக்கிப் பார்த்தாள். இரண்டு விரலில் தூக்கிவிட்டாள்.

"பாத்தியா, பூ மாதிரி இருக்கு!" என்றார் அப்பா.

"பூ மாதிரி இருக்கக் கூடாதுப்பா," என்றாள் அக்கா. "காந்தி மார்க்கெட்டுல மாட்டு வண்டிக்காரங்க மூட்டைய முன்னாடி தள்ளித் தள்ளி வெப்பாங்க, பாத்துருக்கீங்களா? பின்னாடி கனம் ஏறிச்சுன்னா நுகத்தடி மாட்டோட கழுத்த விட்டு மேல தூக்கிடும். வண்டி அவங்க பேச்சக் கேக்காது. இதுல காலி வண்டியே இவ்வளவு லேசா இருக்கு. ஸ்டெப்னி வேற பின்னாடி தொங்குது. ஒரு எஞ்சின ஏத்தினா இது ஜீப்போட பின்பக்கத்தத் தூக்கும்."

"அதுக்கு என்ன பண்ணலாங்கிற?"

"ஆக்ஸில ஒரு முக்கால் அடி பின்னால கொண்டு போகணும்."

அப்பா சக்கரத்தைப் பார்த்தார். சக்கரத்துக்கு மேலே அரைவட்டமாக வெட்டு இருக்கும் இல்லையா, ஆக்ஸிலைப் பின்னால் நகர்த்தினால் சக்கரம் அந்த வெட்டுக்குள் உட்காராது. வெட்டை அடைத்து வேறு இடத்தில் வெட்ட வேண்டும். அப்படிச் செய்தால் இரண்டு பின்பக்கமும் ஒன்று போல இருக்காது.

"அப்புறம் எதுக்கு இவ்வளவு பாடுபட்டோம்?" என்றார். "பாக்கறதுக்கு முடமான வண்டி மாதிரி இருக்கும்."

"ஸ்டெப்னியாவது முன்னால, டிராபார் மேல வெக்கலாம்."

"ஜீப்புல எங்க இருக்கு? பின்னாடி. அப்ப இதுலயும் பின்னாடிதான்." பிறகு வெல்டர் மாமா பக்கம் திரும்பி, "என்ன பாய், நாம ஓட்டாத வண்டியா? மார்க்கெட் வண்டிக்காரன் கிட்டப் பாடம் கேக்கச் சொல்றா," என்று சிரித்தார்.

வெல்டர் மாமா சிரிக்கவில்லை. அவரும் போய் டிராபாரைத் தூக்கிப் பார்த்தார். கீழே வைத்தார். அக்காவை ஒரு முறை பார்த்தார். பிறகு, "சார் சொன்னா சரியாத்தான் இருக்கும். சுமைய முன்னால வெச்சு ஏத்திக்கலாம்," என்றார்.

அவருக்குப் புரிந்துவிட்டது என்று இப்போது எனக்குத் தெரிகிறது. ஒரு வார்த்தை அழுத்திச் சொல்லியிருந்தால் அப்பா கேட்டிருக்கவும் கூடும். பதினைந்து வருஷம் தலையாட்டியே பழகிய மனிதர், அந்த ஷெட்டில் எப்படிச் சொல்வார்? நம் வீட்டுக்காரர்கள் முன்னால் நாம் விழுங்கிக்கொண்டவை எத்தனை.

பெயிண்டுக்குத்தான் அதிக நாள் ஆனது. ஜீப்பின் பச்சை கடைகளில் இல்லை. வெயிலில் வெளுத்த ஒரு பச்சை அது. அப்பா மூன்று டப்பாக்களைக் கலந்து கலந்து, தகரத் துண்டுகளில் தடவிக் காயவைத்து, ஜீப்பின் பக்கத்தில் பிடித்துப் பார்ப்பார். பதினேழாவது துண்டில் ஒத்துவந்தது. அம்மாவே அன்றைக்கு டிபன் கேரியரோடு வந்து, தூரத்தில் நின்று பார்த்துவிட்டு, "எது பழசு, எது புதுசுன்னே தெரியல," என்றாள். அப்பா சட்டென்று திரும்பிக்கொண்டார். கண் கலங்கியதைப் பார்த்தது நான் மட்டும்தான்.

மே மாத நடுவில் வண்டி ரோட்டுக்கு வந்தது. முதல் ஓட்டம் ஸ்ரீரங்கத்துக்கு. காவிரிப் பாலத்தில் போகும்போது பஸ்ஸிலிருந்து எட்டிப் பார்த்தார்கள். மாம்பழச்சாலை டீக்கடையில் நிறுத்தியபோது ஒருவர் தம்ளரோடு வந்து சுற்றிப் பார்த்து, "ரெட்டப் புள்ளையா சார்?" என்று கேட்டார். அப்பாவுக்கு அந்த ஒரு நாள் போதும் என்று எனக்குத் தோன்றியது. உங்களில் சிலர் பார்த்தது அந்தப் பன்னிரண்டு நாட்களில் ஏதோ ஒரு நாளாகத்தான் இருக்கும்.

ஸ்ரீரங்கம் சித்திரை வீதியில் அப்பாவின் பழைய தொழிற்சாலைக் கணக்கர் இருந்தார். நெற்றியில் திருமண் கலையாமல் வெளியே வந்து, வண்டியைச் சுற்றி வந்து, "பேஷ், லட்சணமா இருக்கு ஓய்! எல்லாம் பெருமாள் கிருபை," என்றார். அவருக்குத் திருவெள்ளறையில் கொஞ்சம் நிலம். அங்கே கிணற்றில் இருக்கும் ஆயில் எஞ்சின் ஓடாமல் நின்று ஒரு வாரம் ஆகிறது என்றார். குத்தகைக்காரருக்கு அவரே சொல்லியனுப்பினார். நடுவில் இரண்டு மூன்று சின்ன வேலைகள் வந்தன. கையில் தூக்கும் சாமான்கள்தான் ஏற்றினோம், வண்டி ஒழுங்காகத்தான் வந்தது. அப்பா அக்காவைப் பார்த்துப் புருவத்தை உயர்த்துவார். அக்கா டிராபாரையே பார்ப்பாள்.

பன்னிரண்டாம் நாள் திருவெள்ளறைக்குப் போனோம். அப்பா ஓட்ட, வெல்டர் மாமா பக்கத்தில், அக்காவும் நானும் பின் இருக்கையில். கிணற்றடியில் பிரித்துப் பார்த்ததில் எஞ்சினின் உள்ளே ஏதோ உடைந்திருந்தது. ஷெட்டுக்குக் கொண்டுபோனால்தான் முடியும் என்றார் அப்பா. குத்தகைக்காரரும் ஆட்களும் ஆறு பேர் உருட்டுக் கட்டை வைத்து அதைப் பின்கதவு வழியாக டிரெய்லரில் ஏற்றினார்கள். பெரிய சக்கரம் வைத்த எஞ்சின். உள்ளே ஓரடி போனதும் நின்றுவிட்டது. வெயில் கொளுத்தியது. எல்லோரும் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்கள்.

"இன்னும் முன்னால தள்ளணும்ப்பா," என்றாள் அக்கா.

அப்பா காது கேட்காதது போல இருந்தார்.

"அப்பா, ரொம்பப் பின்னாடி இருக்கு. முன்னால..."

"நீ போய் வண்டில உக்காரு."

ஆறு ஆண்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அக்கா வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். வெல்டர் மாமா டிராபாரைக் கொக்கியில் மாட்டப் போனார். அது தானாகவே மேலே எழும்பி நின்றது. அதை வயிற்றால் அழுத்திக் கீழே இறக்கித்தான் மாட்டினார். பிறகு, "நான் பின்னாடி டிரெய்லர்ல உக்காந்துக்கறேன் சார், எஞ்சின் நகராம புடிச்சுக்கறேன்," என்றார். முன்பக்கத்தில் தன் உடம்புக் கனமாவது இருக்கட்டும் என்று நினைத்தாரா என்று பிற்பாடு பல நாள் யோசித்திருக்கிறேன்.

மண்ணச்சநல்லூர் தாண்டும் வரை ஒன்றும் இல்லை. மெதுவாகத்தான் வந்தோம். டோல்கேட் தாண்டிக் கொள்ளிடம் பாலத்தில் ஏறியதும் ரோடு காலியாக இருந்தது, அப்பா வேகம் எடுத்தார். நானும் அக்காவும் பின்னால் பார்த்து உட்கார்ந்திருந்தோம். எதிரே வெல்டர் மாமா, நாலைந்தடி தூரத்தில், டிரெய்லரின் முன்பக்கத்தில் முதுகைச் சாய்த்து ஒரு கையால் எஞ்சினைப் பிடித்துக்கொண்டு. முதலில் டிரெய்லர் ஒரு பக்கம் லேசாக நகர்ந்தது. பிறகு மறுபக்கம். தொட்டிலை ஆட்டுவது போலத்தான் இருந்தது. மூன்றாவது முறை ஜீப்பின் பின்பக்கமே தரையை விட்டு எழும்பி எங்களை இழுத்துக்கொண்டு போனது.

வெல்டர் மாமா தகரத்தை அறைந்தார். "சார்! மெதுவா! சார்!"

அக்கா கத்தினாள், "பிரேக் போடாதீங்கப்பா!"

அப்பா பிரேக் போட்டார்.

டிரெய்லர் சுழன்று கைப்பிடிச் சுவரில் மோதிக் கவிழ்ந்தது. இரும்பு கிழியும் சத்தம் துணி கிழிவது போலவே இருக்கும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. ஜீப் குறுக்காக நின்றது. எங்களுக்குச் சிராய்ப்புதான். வெல்டர் மாமா ரோட்டில் உட்கார்ந்திருந்தார். வலது கையை இடது கையால் குழந்தையை ஏந்துவது மாதிரி ஏந்திக்கொண்டிருந்தார். அழவில்லை. எஞ்சினுக்கும் பக்கத் தகரத்துக்கும் நடுவில் கை மாட்டியிருந்தது.

பஸ் ஒன்று நின்றது. ஆட்கள் இறங்கி ஓடிவந்தார்கள். "என்ன சார், எப்படி ஆச்சு?" என்று ஒருவர் கேட்டார். அப்பா டிராபார் நுனியைப் பார்த்தார். வளையம் வைத்த தகடு பிய்ந்து ஜீப்பின் கொக்கியிலேயே தொங்கிக்கொண்டிருந்தது.

"வெல்டிங் விட்டுடுச்சு," என்றார்.

அந்த நொடியில் அவர் அதை நம்பினார் என்றே இன்றைக்கும் நினைக்கிறேன். மறுநாள் காலையில் அந்தத் தகட்டை வாசல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அதற்குப் பிறகு நம்பியிருக்க முடியாது. வெல்டிங் மாலை கோத்தது மாதிரி முழுசாக இருந்தது. அதன் பக்கத்தில், வெறும் இரும்புதான் கிழிந்திருந்தது. கவிழ்ந்தபோது முறுக்கிக் கிழிந்தது. அப்பா அதை ஜீப் சீட்டுக்கு அடியில் வைத்துவிட்டு உள்ளே வந்தார்.

வெல்டர் மாமாவுக்கு வலது கையில் மூன்று விரல்களை எடுத்துவிட்டார்கள். ஆஸ்பத்திரிக்குப் போனோம். கட்டிலில் எழுந்து உட்காரப் பார்த்தார். "மன்னிச்சுக்குங்க சார்," என்றார் அப்பாவிடம். "என் வேலைதான் காலை வாரிடுச்சு. இருபது வருஷத்துல ஒரு வெல்டிங் விட்டதில்ல. இது எப்படி விட்டுச்சுன்னு தெரியல. புள்ளைங்க வேற உள்ள இருந்துச்சுங்க. அதுங்களுக்கு ஒண்ணு ஆயிருந்தா?"

"விடுங்க பாய். நடந்தது நடந்துபோச்சு," என்றார் அப்பா.

அக்கா வார்டை விட்டு வெளியே போய்விட்டாள்.

அன்று வீட்டில் அக்கா அப்பாவிடம் நேராகவே சொன்னாள். "அவரு வேலை மேல பழி போடாதீங்கப்பா. நான் தகட்டப் பாத்துட்டேன்." அப்பா சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். அம்மாதான் அக்காவைச் சமையல்கட்டுக்கு இழுத்துக்கொண்டு போனாள். "அவருக்கு இப்ப மிச்சம் இருக்கறது பேரு ஒண்ணுதான். அதையும் நீயே எடுத்துடாத," என்றாள். வகுப்பில் பொய் சொல்லும் பிள்ளைகளை முட்டி போட வைக்கிற டீச்சர் அவள்.

இனிதான் நான் வருகிறேன்.

பத்து நாள் கழித்து ஒரு மத்தியானம் வெல்டர் மாமாவின் மனைவி எங்கள் வீட்டுக்கு வந்தார். நாங்கள் மாமி என்போம். அக்கா கோவிலுக்குப் போயிருந்தாள், அம்மா பள்ளிக்கூட வேலையாகப் போயிருந்தாள். அப்பா உள் அறையில் படுத்திருந்தார். மாமி வாசற்படி தாண்டாமல், வெயிலில் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு நின்றார்.

"கண்ணு, நீ நேருக்கு நேரா உக்காந்து பாத்த புள்ள. எப்படி ஆச்சுன்னு சொல்லும்மா. அவரு தூங்கவே மாட்டேங்கறாரு. 'என் வெல்டிங் விட்டுடுச்சு, ரெண்டு புள்ளைங்களக் கொல்லப் பாத்தேன்'னு அதையே சொல்லிக்கிட்டு இருக்காரு. நெசமாவே அப்படித்தானா?"

உள் அறையில் கட்டில் கிறீச்சிட்டது. அப்பா எழுந்து உட்கார்ந்துவிட்டார் என்று தெரிந்தது. அவர் வெளியே வரவில்லை. என்னைக் கூப்பிடவில்லை. அதற்கு முன்பும் இதைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை சொன்னதில்லை. இதை நான் இங்கே தெளிவாக எழுதிவிட வேண்டும்.

"ஆமா மாமி," என்றேன். "வெல்டிங் விட்டுடுச்சு."

மாமி முக்காட்டை மறுபடி இழுத்துவிட்டுக்கொண்டார். "சரிம்மா. போயிட்டு வரேன்," என்று படியிறங்கிப் போனார். அப்பா கொல்லைப்பக்கம் போய்க் குழாயைத் திறந்து நெடுநேரம் முகம் கழுவினார். என் பக்கம் திரும்பவே இல்லை.

அக்காவுக்கு எப்படியோ தெரிந்துவிட்டது. மாமி வழியில் அவளைப் பார்த்துச் சொல்லியிருக்க வேண்டும். வந்து என் தோளைப் பிடித்து உலுக்கினாள். "அப்பா சொல்லச் சொன்னாரா? சொல்லு, அப்பாவா சொல்லச் சொன்னாரு?"

எனக்கு அழுகை வந்தது. அழுதேன். அவள் அதை ஆமாம் என்று எடுத்துக்கொண்டாள். என்னைச் சேர்த்து அணைத்துக்கொண்டாள். அந்த அணைப்பு அவ்வளவு இதமாக இருந்தது. நான் வாயைத் திறக்கவில்லை.

மறுநாள் அவள் ஜீப்பிலிருந்து தகட்டை எடுத்து மஞ்சள் பையில் போட்டு, என்னையும் கூட்டிக்கொண்டு பஸ் ஏறினாள். வெல்டர் மாமா பாயில் உட்கார்ந்திருந்தார். அக்கா தகட்டை அவர் மடியில் வைத்தாள். அவர் இடது கட்டைவிரலால் வெல்டிங்கைத் தடவிக்கொண்டே போனார், ஒரு முனையிலிருந்து மறு முனை வரை. இரண்டாம் முறையும் தடவினார்.

"விடல," என்றார். "ஏய், இங்க வந்து பாரேன். விடல. தகடுதான் கிழிஞ்சிருக்கு." அழ ஆரம்பித்தார். மூன்று விரல் போனபோது அழாதவர். மாமி அவர் தலையைத் தன் இடுப்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டே என்னைப் பார்த்தார். டீ போட்டுக் கொடுத்தார். எனக்கும் அக்காவுக்கும் ஒரே அளவுதான் ஊற்றினார்.

கிளம்பும்போது வெல்டர் மாமா அக்காவிடம், "நீ வந்தத சார்கிட்ட சொல்லாதம்மா," என்றார்.

"ஏன் மாமா? அவரு உங்ககிட்ட வந்து மன்னிப்புக் கேக்கணும்."

"அவருக்குத் தெரியும்மா. தெரிஞ்சவரு கிட்டப் போயி என்னத்த சொல்றது."

நடந்த மிச்சத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பாலத்திலிருந்து ஷெட்டுக்கு இழுத்து வந்த டிரெய்லர் அங்கேயே கவிழ்ந்தபடி கிடந்து எடைக்குப் போனது. ஜீப்பை அடுத்த வருஷம் யாரோ வாங்கிப் போனார்கள். அப்பா ஒரு பம்ப்செட் கடையில் கவுண்டரில் நின்றார், கடைசி வரை மடிப்புக் கலையாத சட்டையோடு. வெல்டர் மாமா இடது கையால் பழகிச் சின்ன கேட்டுகள், ஜன்னல் கம்பிகள் செய்தார். ரோட்டில் எதிர்ப்பட்டால் சைக்கிளை விட்டு இறங்கி, "நல்லா இருக்கீங்களா சார்?" என்பார். அப்பா தலையை மட்டும் அசைப்பார். அப்படி ஒவ்வொரு முறையும் வீடு வந்து சேர்ந்ததும் அப்பா சாப்பிடமாட்டார்.

அக்கா அந்த வருஷமே பாலிடெக்னிக்கில் சேர்ந்து ஹாஸ்டலுக்குப் போனாள். பிறகு வடக்கே வேலை, அங்கேயே கல்யாணம். அப்பாவுக்குக் கடிதம் போட்டதில்லை. அப்பா படுக்கையில் விழுந்தபோது நான் போன் செய்து, "ஒரு தடவ வந்து பாத்துட்டுப் போக்கா," என்று கெஞ்சினேன்.

"வெல்டர் மாமா விஷயத்தக்கூட மன்னிச்சுடுவேன்," என்றாள். "பயத்துல செஞ்சாருன்னு வெச்சுக்கலாம். ஆனா பதிமூணு வயசுப் புள்ளைய நிக்க வெச்சுப் பொய் சொல்லச் சொன்ன மனுஷன் மூஞ்சில எப்படிடி முழிப்பேன்?"

அப்போது சொல்லியிருக்கலாம். போன் என் காதில்தான் இருந்தது. அடுத்த அறையில் அப்பா மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். நான் சொல்லவில்லை. அடக்கம் முடிந்து மூன்றாம் நாள் அவள் வந்தாள்.

உங்கள் சிரிப்புப் பொம்மைகளைப் பார்த்த மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. ஞாயிறு தவறாமல் அக்கா எனக்குப் போன் செய்வாள். முழங்கால், சர்க்கரை, பேரப்பிள்ளைகள் என்று பேசிக்கொண்டிருக்கும்போது குறுக்கே சொன்னேன்.

"அக்கா, அன்னைக்கு மாமி வந்து கேட்டப்ப, அப்பா என்கிட்ட ஒண்ணும் சொல்லல. நானாத்தான் சொன்னேன்."

"என்னது?"

"வெல்டிங் விட்டுடுச்சுன்னு. அவரு ஒரு வார்த்தை சொல்லல. நானாத்தான்."

அவள் வீட்டில் குக்கர் சத்தம் போடுவது கேட்டது. யாரோ அதை அணைத்தார்கள்.

"இத ஏண்டி இப்ப சொல்ற?"

"முடியலக்கா. தூக்கிக்கிட்டே இருக்க முடியல."

"அதுக்காக என்கிட்டக் குடுத்துட்டியா?" என்றாள். கோபமாகக்கூட இல்லை. களைத்துப்போன குரல். "எனக்கு அறுபது வயசு தாண்டியாச்சு. இத வெச்சுக்கிட்டு நான் என்னடி பண்றது?"

போனை வைத்துவிட்டாள்.

இதை எழுதி முடிக்கும்போது இன்றைக்கும் ஞாயிற்றுக்கிழமைதான். பூசைக்குப் போய்விட்டு வந்து போனை மேஜைமேல் நிமிர்த்தி வைத்திருக்கிறேன். மணி மூன்றாகிறது. அவள் வழக்கமாகப் பதினொரு மணிக்கே கூப்பிட்டுவிடுவாள்.